தோட்டத்துக் கல்லில் பாசியா? தேய்க்கும் முன் ஊற விடுங்கள்

மழை ஓய்ந்த ஒரு காலையில், கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அம்மாவுக்குத் தோட்டத்துக் கற்பாதையில் கால் வழுக்கிவிட்டது. பக்கத்துக் கிளை கைக்கு எட்டியதால் விழவில்லை. அன்றே பிரஷும் வாளியுமாக உட்கார்ந்து, தோள் வலிக்க வலிக்கத் தேய்த்தேன். கல் பளிச்சென்று ஆனது. மூன்றாவது வாரம் பார்த்தால் அதே பச்சை. மறுபடி தேய்த்தேன், மறுபடி வந்தது.

காரணம் புரிந்தது ஓரத்தில் உடைந்து கிடந்த ஒரு சில்லைக் கையில் எடுத்தபோதுதான். மேற்பரப்பு சுத்தமாக இருந்தது. உடைந்த பக்கத்திலோ, மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, பேனாவால் கோடு இழுத்ததுபோல மெல்லிய பச்சை இழை ஒன்று ஓடியது. மணற்கல், கான்கிரீட் கல் இரண்டிலும் நுண்துளைகள் உண்டு. ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் உள்ளே போகிற தூரம் வரை பாசியும் போய் இருந்துகொள்கிறது. பிரஷ் அந்த ஆழத்துக்குப் போகாது. அதனால் முதலில் பாசியைக் கொல்ல வேண்டும், தேய்ப்பது அதற்குப் பிறகு.

முதல் நாள்: பெருக்கு, சுரண்டு, கழுவு

இலைகளைப் பெருக்கிவிட்டு, கல் இடுக்குகளில் இருக்கும் மெத்தைப்பாசியைப் பழைய கத்தியாலோ சுரண்டியாலோ நெம்பி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் சேற்றைக் கழுவிவிடுங்கள். இதோடு அன்றைய வேலை முடிந்தது, கல் நன்றாகக் காயட்டும்.

மறுநாள்: கரைசல்

நான் பயன்படுத்துவது சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறை நீக்கும் ஆக்சிஜன் பவுடர்களில் இருக்கும் அதே பொருள்தான். தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் போடுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். மீதியைப் பாட்டிலில் மூடி வைக்கவே வேண்டாம், வாயு வெளியேற வழியின்றிப் பாட்டில் வெடிக்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

நான் இரண்டு தடவை கோட்டை விட்ட இடம் இதுதான். முதல் தடவை, சேறும் ஈரமுமாக இருந்த கல்லிலேயே ஊற்றிவிட்டேன். கரைசலின் வீரியமெல்லாம் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்தது. அது மட்டுமல்ல, நுண்துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் கரைசல் உள்ளே இறங்க இடமேது? காய்ந்த கல் அதை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த தடவை கல் காய்ந்துதான் இருந்தது, ஆனால் உச்சி வெயில். ஊற்றிய ஐந்தாவது நிமிடமே உலர்ந்துவிட்டது. உலர்ந்த கரைசல் வேலை செய்யாது.

ஆகவே மேகமூட்டமான, மழை வராத நாளாகப் பாருங்கள். இரண்டு சதுர மீட்டர் அளவுக்குப் பூவாளியால் ஊற்றி, பிரஷால் பரப்பி, 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். இடையில் எங்காவது காய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். குனிந்து பார்த்தால் பொடிப்பொடியாய் நுரை எழும்பும். வெள்ளையாகத் தொடங்கும் நுரை கொஞ்ச நேரத்தில் அழுக்குப் பழுப்பாக மாறினால், உள்ளே இருந்தது வெளியே வருகிறது என்று அர்த்தம். பிறகு தேய்த்துப் பாருங்கள், முன்பு பட்ட பாட்டில் பாதிகூட இருக்காது. கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ஓரத்துச் செடிகளின் மண்ணைக் கரைசல் ஊற்றும் முன்பும் அலசிய பிறகும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். மீன் தொட்டி பக்கம் தண்ணீர் ஓடவிடாதீர்கள்.

கருவிகள் பற்றி

நீளக் கைப்பிடி வைத்த, விறைப்பான நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். உதிரும் கம்பித் துணுக்குகள் கல்லில் சிக்கித் துருப்பிடித்து, பாசியைவிடப் பிடிவாதமான கறையாகிவிடும். பிரஷர் வாஷரும் எனக்குப் பிடிக்காது. இடுக்கு மணலைப் பறித்து, கல்லின் மேல்தோலைச் சொரசொரப்பாக்கும். அந்தச் சொரசொரப்பில் பாசி இன்னும் எளிதாக ஒட்டும். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் விசிறி போலப் பரவும் முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிச் சாய்வாகப் பிடியுங்கள்.

குளோரின் ப்ளீச்சும் பாசியைக் கொல்லும். ஆனால் செடிக்கு ஆகாது, இரும்புச் சத்துள்ள சில கற்களில் நிறமும் மாறும். எதைப் பயன்படுத்தினாலும் வேறொன்றோடு கலக்காதீர்கள். ப்ளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து.

பின்சேர்க்கை 1: வினிகர் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுண்ணாம்புக்கல், பளிங்கு, கான்கிரீட் எல்லாவற்றையும் அமிலம் அரிக்கும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பொங்கினால் கல் கரைகிறது என்று பொருள். எந்தக் கரைசலானாலும் கண்ணில் படாத மூலைக்கல் ஒன்றில் முதலில் சோதியுங்கள்.

பின்சேர்க்கை 2: காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றார் ஒருவர். இன்னொரு தடவை அலசினால் போய்விட்டால், அது சரியாக அலசாத சோடா. அலசியும் காயக் காயத் திரும்ப வந்தால், கல்லுக்குள்ளிருந்தோ அடிமண்ணிலிருந்தோ மேலேறும் உப்பு. அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: கருப்புப் புள்ளிகள் போகவில்லையா? அது பெரும்பாலும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பாசியைவிட இறுக்கமாகப் பற்றியிருக்கும். சுரண்டினால் கல்தான் பெயரும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு அதே கரைசலை இரண்டு மூன்று முறை போடுங்கள். புள்ளி மெல்ல வெளிறும்.

எல்லாம் காய்ந்ததும் இடுக்குகளில் உலர்ந்த மணலைக் கூட்டித் தள்ளி நிரப்புங்கள். ஈர மணல் மேலேயே நின்றுவிடும், அடிவரை இறங்காது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைப் பாதையில் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். எங்கள் பாதையில் எப்போதும் முதலில் பச்சை பிடித்தது அப்படித் தேங்கிய நாலு கற்களில்தான். அவற்றைப் பெயர்த்து, அடியில் மணல் போட்டுச் சரிவு பார்த்துப் பதித்தேன். மேலே கவிந்திருந்த கிளையையும் கழித்துவிட்டேன். அதன்பின் ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்த நாலு கல்லில் அம்மா இப்போது எதையும் பிடிக்காமல் நடக்கிறார்.