வேட்பாளரைப் பற்றி எங்கே தேடுவது, எதை நம்புவது

சட்டமன்றத் தேர்தல் ஒன்றின்போது எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவரின் புகைப்படத்துக்குக் கீழே, அவர் மீது 11 குற்ற வழக்குகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்று மாலையே அவருடைய பிரமாணப் பத்திரத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவற்றில் ஒன்பது, மறியல் செய்ததற்கும் தடையை மீறி ஊர்வலம் போனதற்கும் போடப்பட்டவை. மீதி இரண்டில் ஒன்று, நிலம் தொடர்பான மோசடி வழக்கு. படத்தைப் பார்த்துப் பதறியவர்களுக்கும், எல்லாம் பொய் வழக்கு என்று ஒதுக்கியவர்களுக்கும் அந்த ஒரு வழக்கைப் பற்றி எதுவும் தெரியாமலே போயிற்று.

அன்றிலிருந்து, தேர்தல் பற்றிய எந்தத் தகவல் கைக்கு வந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இதற்குக் கையெழுத்துப் போட்டவர் யார், இது பொய் என்று தெரிந்தால் அவருக்கு என்ன நேரும்? கையெழுத்தே இல்லாத படத்திலிருந்து, சட்டப்படி பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட ஆவணத்தை நோக்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போவதுதான் இந்தத் தேடலின் முறை. தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர் தம் தொகுதி வேட்பாளர்களைப் பற்றி இந்த முறையில் எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் அளித்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 2003 மார்ச்சில் வந்த தீர்ப்பும், வேட்பாளரின் வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று நிலைநாட்டின. அதன்படி வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தையும் ஒவ்வொருவரும் தாக்கல் செய்ய வேண்டும். அதில் பொய் சொல்வதும், சொல்ல வேண்டியதை மறைப்பதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்கள். இந்தப் பொறுப்பு இருப்பதால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைக்கிறேன்.

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பிரமாணப் பத்திரங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. தேர்தல், மாநிலம், தொகுதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் மனுத் தாக்கல் செய்த அனைவரின் பெயர்களும் வரும். ஆணையத்தின் செயலியிலும் இதைப் பார்க்கலாம். இணையம் கைகொடுக்காவிட்டால், தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். ஒருவர் ஒரே தொகுதியில் நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம் என்பதால், அவர் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரங்கள் இருக்கக்கூடும். ஏற்கப்பட்ட மனுவோடு இணைந்ததைப் பாருங்கள். பெயரை மட்டும் நம்பாமல் புகைப்படம், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்ற இராமநாதபுரத்தில், அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு பலரும் மனுத் தாக்கல் செய்திருந்ததை நினைவில் கொள்ளுங்கள். மேலும், ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் என்ற வேறோர் அமைப்பு. உங்கள் வார்டு வேட்பாளரை டெல்லி ஆணையத்தின் தளத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.

பத்திரத்தைத் திறந்ததும் பலர் கடைசிப் பக்கங்களில் உள்ள சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஐந்தாவது பத்தியிலிருந்து நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் அந்தப் பத்தியில் இருக்கும்: முதல் தகவல் அறிக்கையின் எண், காவல் நிலையம், நீதிமன்றம், வழக்கு எண், சட்டப் பிரிவுகள், நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்ததா (வனைந்ததா) இல்லையா என்பதெல்லாம் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருக்கும். தண்டனை பெற்ற வழக்குகள் ஆறாவது பத்தியில் வரும். வழக்குகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் சட்டப் பிரிவுகளே அதிகம் சொல்லும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் போராட்டம் நடத்தும் கட்சிக்காரர்கள் மீது வழக்கமாகப் போடப்படுபவை. 420 மோசடி, 302 கொலை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய குற்றங்களுக்கு எண்கள் மாறிவிட்டன: 188 இருந்த இடத்தில் 223, மோசடிக்கு 318, கொலைக்கு 103. பழைய எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கொலை வழக்கு ஒன்று கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போகும்.

வழக்கு எண் கிடைத்துவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்துக்குப் போகலாம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து வழக்கு எண்ணையோ முதல் தகவல் அறிக்கை எண்ணையோ கொடுத்தால், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த விசாரணை எப்போது என்பது தெரியும். பெயரைக் கொண்டு தேடுவதைத் தவிர்க்கவே சொல்வேன். முருகன் என்றும் செந்தில்குமார் என்றும் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்! வேறொருவரின் வழக்கை வேட்பாளர் தலையில் கட்டிவிட்டால், நாமே ஒரு வதந்தியைத் தொடங்கியவர்கள் ஆகிவிடுவோம்.

குற்றப் பின்னணி உடைய வேட்பாளர் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மும்முறை விளம்பரப்படுத்த வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்பதற்கான காரணத்தைக் கட்சியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் சொன்னது. வெற்றி பெறக்கூடியவர் என்பது மட்டும் காரணம் ஆகாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. கட்சிகள் எழுதியிருக்கும் காரணங்களை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். பல வேட்பாளர்களுக்கு ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தால், அதுவும் அந்தக் கட்சியைப் பற்றிய தகவல்தான்.

சொத்து விவரத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. "ஐந்தாண்டில் சொத்து இரு மடங்கு" என்ற தலைப்பைப் பார்த்தவுடன் கோபம் வருவது இயல்பு. ஆனால் முந்தைய தேர்தலின் பத்திரத்தையும் இப்போதைய பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரூபாயை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். மனைவி பெயரில் அப்போதும் 100 பவுன், அதாவது 800 கிராம், இப்போதும் அதே 800 கிராம் என்றால், ஏறியது தங்கத்தின் விலை மட்டுமே. பரம்பரை நிலமும் அப்படித்தான். வாங்கிய சொத்தா, வழிவழியாக வந்த சொத்தா, வாங்கிய விலை என்ன, இன்றைய மதிப்பு என்ன என்பதற்கெல்லாம் தனித்தனி இடம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த சர்வே எண்களைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவுத்துறையின் தளத்தில் அந்த எண்ணுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' சேவையில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். பிரமாணப் பத்திரத்தில் சொன்ன மதிப்பு வழிகாட்டி மதிப்புக்கும் வெகு கீழே இருந்தால், அது கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானமும் அதே பத்திரத்தில் இருக்கிறது; புதிதாக வாங்கிய சொத்தை அந்த வருமானமும் கடன் பத்தியும் தாங்குகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். இதற்கு ஆடிட்டர் தேவையில்லை.

ஆனாலும் இந்தப் பத்திரம் வேட்பாளர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது என்பதை மறக்கக்கூடாது. தேர்தல் நடத்தும் அலுவலர், நிரப்பாமல் விட்ட இடங்களுக்காக மனுவை நிராகரிக்கலாம். நிரப்பியது உண்மையா என்று அவர் விசாரிப்பதில்லை. யாரேனும் மறுப்புத் தெரிவித்து எதிர்ப் பிரமாணப் பத்திரம் தந்திருந்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு தொகுதியில் இருபது முப்பது வேட்பாளர்கள் இருக்கையில் எல்லாருடைய பத்திரத்தையும் படிக்க நேரம் இருக்காது. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதிசெய்யும் கால அளவு இரண்டு வாரம்தான். அந்த அவசரத்துக்கு மைநேட்டா தளம் உதவும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் 1999-ல் தொடங்கிய, மேலே சொன்ன அதே ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் நடத்தும் தளம் அது. பத்திரங்களில் உள்ளதை அட்டவணையாக்கித் தருகிறார்கள். பழைய தேர்தல்களோடு ஒப்பிடவும் வசதி உண்டு. கையால் எழுதி ஸ்கேன் செய்த பத்திரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது ஒரு சுழியம் கூடலாம், குறையலாம். ஆகவே அங்கே கண்டதைப் பிறருக்குச் சொல்லும் முன் மூலப் பத்திரத்தின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து மறுபடியும் நிற்பவர் என்றால், அவையில் என்ன செய்தார் என்பதற்குக் கையெழுத்துள்ள சான்றுகள் இருக்கின்றன. கேட்ட கேள்வியும் அமைச்சர் தந்த பதிலும் மக்களவையின் தளத்தில் அப்படியே கிடைக்கும். வருகை, விவாதங்கள், கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றை உறுப்பினர்வாரியாகத் தொகுத்து, தேசிய சராசரியோடும் மாநில சராசரியோடும் ஒப்பிட்டுத் தருகிறது பிஆர்எஸ் என்ற ஆய்வு நிறுவனம். வருகை என்பது அன்று அவைக்கு வந்ததற்கான பதிவு மட்டுமே. அன்று எத்தனை மணி நேரம் அவையில் இருந்தார் என்பதை அது சொல்லாது. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்வதும் இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை என்பதால் அவர்களை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. கேள்விகளின் எண்ணிக்கையை விட்டு, உங்கள் ஊர் ரயில் நிலையத்தையோ குடிநீரையோ பற்றி ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இவ்வளவு நேர்த்தியான தொகுப்பு கிடையாது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பொறுமையாகப் புரட்ட வேண்டியதுதான்.

தொகுதியின் பழைய முடிவுகளுக்கு, முதல் பொதுத் தேர்தலிலிருந்து ஆணையம் வெளியிட்டுவரும் புள்ளிவிவர அறிக்கைகளே மூலம். அவற்றைத் தேடக்கூடிய வடிவில் வேண்டுவோருக்கு, 1962 முதலான முடிவுகளை அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் 'லோக் தாபா' என்ற பெயரில் தருகிறது. ஒப்பிடும்போது 2008 தொகுதி மறுசீரமைப்பைக் கவனியுங்கள். மக்களவையில் சிவகாசி, பெரியகுளம், திருச்செந்தூர் என்ற தொகுதிகள் இல்லாமல் போய் விருதுநகர், தேனி, தூத்துக்குடி வந்தன. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியது. 2006 சட்டமன்ற முடிவை 2011-ஓடு நேராக ஒப்பிட்டு, இன்ன கட்சிக்கு வாக்கு சரிந்தது என்று எழுதுபவர், இருவேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகிறார். வாக்குச்சாவடி வாரியான முடிவு வேண்டுமானால் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20-ஐப் பாருங்கள். 2021-ல் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் வெறும் 137 வாக்குகள். அப்படிப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதை அந்தப் படிவத்தின் வரிசைகளில்தான் படிக்க முடியும்.

பத்திரிகை, தொலைக்காட்சிக்கு வருவோம். தமிழ்நாட்டில் கட்சிகளும் கட்சித் தலைவர்களின் குடும்பங்களும் ஊடகங்கள் நடத்துவது புதிதல்ல. முரசொலியையும் தீக்கதிரையும் அந்தந்தக் கட்சியின் நிலைப்பாட்டை அறியப் படிக்கலாம். அதற்கு அவையே சிறந்த ஆதாரம். எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றி அறிய அவை ஆதாரம் ஆகா. செய்தியில் ஊரும் தேதியும் ஆவணமும் சொல்லப்பட்டிருக்கின்றனவா, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் கேட்கப்பட்டதா என்று பாருங்கள். கருத்துக்கணிப்பு என்றால் எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், யார் செலவில் என்று கேளுங்கள். 2024-ல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் தந்தன, கிடைத்தவை 293.

பரவும் படம், காணொளி விஷயத்தில், யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்களில் தேடலாம். அரசே நடத்தும் தகவல் சரிபார்ப்பகங்கள் ஒன்றியத்திலும் மாநிலத்திலும் உண்டு. அரசாணை உண்மையா, போலியா என்பதற்கு அவை போதும், ஆளுங்கட்சியைக் குறித்த சர்ச்சைக்கு அவற்றின் சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

இவ்வளவு தேடியும் ஓர் ஆவணம் கிடைக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி, எந்தப் படிவம் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மனுத் தாக்கல் தொடங்கிய பிறகு எழுதினால் வாக்குப்பதிவு முடிந்த பின்னர்தான் பதில் வரும். பழைய பத்திரங்களும் செலவுக் கணக்குகளும் வேண்டுவோர், தேர்தலின் பேச்சே இல்லாத மாதங்களில் எழுதிக் கேட்டு, வந்ததைத் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.