வேன் வைக்காமல் வேளாங்கண்ணி வரை: வேலூர் ஜோடிகளுக்கு ஒரு கடற்கரைப் பயணச் செய்முறை

வேலூர்க்காரர்களுக்குக் கடல் என்றாலே வேன்தான். ராத்திரி பத்து மணிக்குச் சத்துவாச்சாரியில் இருபது பேர் ஏறினால் விடியற்காலை திருநள்ளாறு, மதியம் நாகூர், சாயங்காலம் வேளாங்கண்ணி, நடுவில் கால் நனைக்கப் பதினைந்து நிமிஷம், அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் மூன்று தடவை வேளாங்கண்ணி போயிருக்கிறேன், ஆனால் அங்கே சூரியன் எழும்புவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

போன தை மாதம் நானும் இவரும் மட்டும், ஆளுக்கொரு முதுகுப்பையோடு, அரசு பஸ்ஸிலேயே மாமல்லபுரத்தில் தொடங்கிக் கோடியக்கரை வரை ஒன்பது நாள் கடலோரமாகப் போய் வந்தோம். "ரெண்டு பேரு மட்டும் இன்னாத்துக்கு அம்மாந்தூரம்?" என்று அத்தை கேட்டார். திரும்பி வந்த பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள், லாட்ஜ் அப்புறம்

தை, மாசி. இதைத் தவிர வேறு மாதம் முதல் தடவைக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் நமக்கு இங்கே சந்தோஷம், கடலோரத்தில் அது புயல் மாதம். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. மார்கழியையும் நம்ப முடியாது, தானே புயல் கடலூர்ப் பக்கத்தைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30 அன்று. சித்திரை, வைகாசியில் வெயில் ஒரு பக்கம், மீன் இன்னொரு பக்கம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் விலை ஏறிவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அப்போது அறை கிடைப்பது பெரும்பாடு.

2. பை

காட்பாடி ஸ்டேஷனில் காலேஜ் பசங்க முதுகில் மாட்டிக்கொண்டு போகிற சாதாரணப் பையே போதும், மலை ஏறுகிறவர்களின் பெரிய பை வாங்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஆறு கிலோ, போனால் ஏழு. தெருமுனை மளிகைக்கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். நிறுத்த பிறகு அதே பையை மாட்டிக்கொண்டு காலையில் கோட்டை மைதானத்தில் ஒரு மணி நேரம் நடங்கள். இவர் முதல் நாள் ஒன்பது கிலோவோடு வந்து, அரை மணி நேரத்தில் அகழிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே ஜீன்ஸ் இரண்டும் வெளியே போயின.

நம் ஊரில் துணி துவைத்துக் கொடியில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது, இல்லையா? கடலோரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. காற்றிலேயே ஈரமும் உப்பும் இருப்பதால் ராத்திரி காயப்போட்ட சட்டை காலையிலும் பிசுபிசுவென்று இருக்கும். எனவே மெல்லிய பருத்தித் துணியில் மூன்று செட், ஈரிழைத் துண்டு இரண்டு, இவருக்கு ஒரு லுங்கி, எனக்கு இரண்டு சுடிதார், அறைக்குள் கட்ட ஒரு நைலான் கயிறு, பத்து ஊக்கு. துளசி விதை அளவு கிழிசல் விழுந்தாலும் உடனே தைக்க ஊசி நூலும் வையுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு, கொசு மருந்து, இருவரின் ஆதார் அசல். தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தனிக் கவரில் கட்டுங்கள், இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்: பஸ்ஸில் டிரைவர் பக்கத்து என்ஜின் பெட்டி மேல் பையை வைத்தேன், செங்கல்பட்டு வருவதற்குள் எண்ணெய் சூடேறி மூடி வழியாக வெளியே வந்து, ஒன்பது நாளும் என் துணியெல்லாம் தலைவாரிய வாசனை.

3. வழி: ஒரு ஊரில் இரண்டு ராத்திரி

இதுதான் இந்தப் பதிவின் சாரம். தினம் ஒரு ஊர் என்று போட்டால் தினமும் மூட்டை கட்டுவதிலும் லாட்ஜ் தேடுவதிலும் பொழுது போய்விடும், அது வேன் பயணத்தைவிட மோசம். இரண்டு ராத்திரி தங்கினால் நடுவில் ஒரு முழு நாள் பை இல்லாமல் கிடைக்கும், ஒரு விடியற்காலையாவது கடலோரத்தில் கிடைக்கும். நாங்கள் தங்கிய ஊர்கள் நான்கே: மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், வேளாங்கண்ணி.

வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறிவிடாதீர்கள், "காஞ்சிபுரம் உள்ளே போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள், இல்லையென்றால் ஊருக்கு வெளியே வெள்ளைகேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். காஞ்சிபுரத்தில் மாறி செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். காஞ்சியில் இரண்டு மணி நேரம் இருந்தால் கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிடுங்கள். அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் கட்டியவன். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால், கடல் காற்று கல்லை எப்படித் தின்கிறது என்று புரியும்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போக ஊருக்குள் இருக்கும் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்காதீர்கள். சென்னை–புதுச்சேரி பஸ்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நின்று போய்விடும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். பெண்கள் சீட்டும் பெரும்பாலும் இடது பக்கம்தான், எனவே ஜன்னல் எனக்கு.

புதுச்சேரிக்கு நேராகப் போகாமல் நடுவில் ஒரு இடத்தில் இறங்கினோம். யாரும் இதைச் சுற்றுலா இடம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் வேலூர்க்காரர்கள் கட்டாயம் இறங்க வேண்டும்: வாயலூர். நம் பாலாறு கடலில் சேர்கிற இடம். நந்தி மலைப் பக்கம் கிளம்பி, மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலேயே வருகிற ஆறு. நமக்கு அது லாரி மணலும் கருவேல முள்ளும், 2021 நவம்பரில் மட்டும் இரு கரையும் புரண்டு ஓடி நம்மைப் பாலத்து மேல் கூட்டமாக நிற்க வைத்தது. வாயலூரில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது அதற்குப் பின்னால் தண்ணீர் பரந்து கிடந்தது, கொக்கு நின்றது, ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்லடி, நம்ம தண்ணிதான்" என்றார். அந்தாண்ட மணல்மேட்டைத் தாண்டினால் அலைச் சத்தம். அங்கே அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் நின்றோம். அப்படியே சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையையும் பார்க்கலாம், கல்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது.

புதுச்சேரி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சனி, ஞாயிறு தவிருங்கள், அறை வாடகை ஏறும். அவ்வளவுதான்.

அடுத்து கடலூர் வழியாகச் சிதம்பரம். இங்கே தங்குவது பிச்சாவரத்துக்காக. டவுன் பஸ்ஸில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், முதல் படகுக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணை அடிக்கும். பெரிய படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே சந்து சந்தாக நுழையும். அங்கே தில்லை மரத்தையும் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது அந்த மரத்தால், ஆனால் அதைப் பார்க்க இந்தச் சதுப்புக்குத்தான் வர வேண்டும். கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. திரும்பி வந்து இட்லிக்குச் சிதம்பரம் கொத்சு. நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயில் இதைச் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று இவரிடம் சொன்னேன், சர்வர் காதில் விழுந்து முறைத்தார்.

சிதம்பரத்திலிருந்து வேளாங்கண்ணி போகும் வழியில் தரங்கம்பாடியில் மூன்று மணி நேரம் இறங்குங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து மஞ்சளாக நிற்கிறது, அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணி நாதர் கோயில். பை வைக்க இடம் தேடாதீர்கள், டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுக் கேட்டால் வைத்துக்கொள்வார்கள். நாகூரில் இறங்கி, வாடா என்கிற இறால் வைத்த பலகாரம் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுடச்சுடச் சாப்பிட வேண்டும், பஸ்ஸில் ஏறிப் பிரிக்கலாம் என்று வைத்தால் சவசவவென்று ஆகிவிடும்.

கோடியக்கரை வேளாங்கண்ணியிலிருந்து ஒரு நாள் வேலை. வேதாரண்யம் போய் மாற வேண்டும், திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பு எடுத்துக் கைதானது இந்த வேதாரண்யம் பக்கம்தான், அதற்கு முன்பே 1921–22இல் நம் வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டுப் போனவர். சரணாலயத்தில் வெளிமான் கூட்டம் புல்வெளியில் மேய்வதைப் பார்த்தோம், பூநாரைகள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. பைனாகுலர் யாரிடமாவது கடன் வாங்கிப் போங்கள்.

4. லாட்ஜில் கேட்கும் கேள்விகள்

இருவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். என் ஆதாரில் அப்பா பெயரும் பழைய வாணியம்பாடி முகவரியும். ஒரு ஊரில் வரவேற்பில் இருந்தவர் இரண்டு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்றார். தாலியைக் காட்ட வேண்டுமா என்று எனக்குக் கோபம், இவர் போனில் கல்யாண போட்டோ தேடுகிறார், கிடைக்கிறதோ ஆட்டுக்குட்டி போட்டோ. கடைசியில் அடுத்த தெருவுக்குப் போய்விட்டோம். கல்யாணப் பதிவுச் சான்றிதழை போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்வது நல்லது. இருவரும் வயது வந்தவர்களாக இருந்தால் சேர்ந்து அறை எடுப்பதைச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை, ஆனாலும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பையோடு நின்று சட்டம் பேச முடியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே அறை தேடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து ஒரு சொட்டு வாயில் வைத்துப் பாருங்கள். கடலோர போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். நல்ல தண்ணீர் ஒரு வாளி தனியாகக் கேட்டால் சில இடத்தில் தருவார்கள்.

5. கிணற்று நீச்சல் கடலுக்கு ஆகாது

இவர் அணைக்கட்டுப் பக்கம் பெரிய கிணற்றில் குதித்து வளர்ந்தவர். மாமல்லபுரத்தில் "இதென்ன இடுப்பளவுதானே" என்று இறங்கி, இரண்டாவது அலையில் உருண்டு, மூக்குக்கண்ணாடியை வங்காள விரிகுடாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் தண்ணீர் காலுக்கடியில் மணலைப் பறித்துக்கொண்டே உள்ளே இழுக்கும். மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்கிறார்கள். எங்கே இறங்கலாம் என்று கரையில் வலை பிரிக்கிற ஒருவரைக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். மிதக்கிற அளவு ஆழத்தில் இழுப்பு பிடித்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் கரையில் நிற்க வேண்டும், இருவரும் சேர்ந்து இறங்குவது போட்டோவுக்கு மட்டும், அதுவும் கணுக்கால் வரை.

6. பணமும் சண்டையும்

சாப்பாடு, அறை, பஸ் எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆயிற்று, ஏசி இல்லாத அறை, புதுச்சேரியில் மட்டும் கூடுதல். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம், குட்டிக் குட்டித் தூரங்களுக்கு அதில் ஏறினால் ஜோடியில் பாதிச் செலவு மிச்சம். எனக்குக் கட்டணமில்லாப் பயணம், இவருக்குப் பத்து ரூபாய், முகத்தைப் பார்க்க வேண்டுமே! பணத்தை இரண்டு பங்காக்கி இரண்டு பையிலும் வையுங்கள், பத்து, இருபது ரூபாய்த் தாள் நிறைய.

சண்டை வரும். எங்களுக்குப் புதுச்சேரியில் வந்தது, மதியம் இரண்டரை மணி, இருவரும் சாப்பிடவில்லை, இவர் மேப்பைப் பார்த்து இடது என்கிறார், நான் வழியில் ஒரு அக்காவைக் கேட்டு வலது என்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு விதி வைத்துக்கொண்டோம்: பசியோடு இருக்கும்போது எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒற்றைப்படை நாளில் வழி அவர் பொறுப்பு, இரட்டைப்படை நாளில் என் பொறுப்பு, மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

7. திரும்புதல்

வேளாங்கண்ணியிலிருந்து விடியற்காலை கிளம்பி சிதம்பரம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று மாறி மாறி வந்தால் ராத்திரிக்குள் வேலூர். விழுப்புரத்தில் நேரம் ஒத்துவந்தால் திருவண்ணாமலை, கன்டோன்மென்ட் வழியாகக் காட்பாடி போகும் ரயிலில் ஏறி முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் இரண்டு பையையும் வாசலில் தலைகீழாக உதறி, ஜிப்பை மட்டுமாவது நல்ல தண்ணீரில் கழுவி, துளி எண்ணெய் விடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் பையை அப்படியே விட்டோம், உப்பும் மணலும் சேர்ந்து ஜிப் இறுகி, இப்போது அதில் அத்தை கோதுமை வைத்திருக்கிறார்.