கடைசிக் கால்பகுதியில் விலகிய பந்து

மெல்போர்னில் உள்ளூர் அணி ஒன்றில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகிறேன். பயிற்சியில் நேராகப் போகும் பந்து, ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மார்க் பிடித்து (சக வீரர் உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்து, தடையின்றி உதைக்கும் வாய்ப்பைப் பெற்று) நின்று உதைத்தால் மட்டும் வலப்பக்கம் விலகியது. நடுக் கம்பங்களுக்கு இடையே போனால் கிடைக்கும் 6 புள்ளிக்குப் பதில், பக்கவாட்டில் போனதால் 1 புள்ளி.

மூச்சை ஆழமாக இழுத்துவிட்டுப் பார்த்தேன். இருட்டும்வரை உதைத்துப் பழகினேன். சக வீரர்களைக் கூச்சலிடச் சொல்லியும் பழகினேன். பலனில்லை, வெறுத்துப்போனது.

காணொளியை மெதுவாக ஓட்டியபோதுதான் கோளாறு கையில் இருப்பது தெரிந்தது. பதற்றத்தில் ஓட்டம் வேகமெடுக்க, உதைப்பதற்காகக் கையிலிருந்து காலை நோக்கி விடும் பந்தை வழக்கத்தைவிட உயரத்திலிருந்தே விட்டுவிடுகிறேன். முட்டை வடிவப் பந்து அல்லவா, விழும் அந்தக் கூடுதல் தூரத்தில் முனை சற்றே சாய்ந்துவிடுகிறது. உருண்டைப் பந்தில் இந்தச் சிக்கலே வராது.

ஓடத் தொடங்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். முதலில் நடை, பிறகே ஓட்டம்; பந்தை விடும் கை தாழ்வாக. அவசரமே தேவையில்லை: இந்த விளையாட்டின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான ஏஎஃப்எல் ஆட்டங்களில்கூட கோலுக்கு உதைக்க 30 விநாடி தருகிறார்கள். கோணம் குறுகலாக இருந்தால் சக வீரருக்குக் கொடுப்பதா, நானே உதைப்பதா என்பதைப் பின்னோக்கி நடக்கும்போதே முடிவு செய்கிறேன். ஓடத் தொடங்கியபின் மாற்றுவதில்லை. இப்போது கடைசி நிமிடங்களிலும் பந்து உயரமான இரு கம்பங்களுக்கு நடுவே போகிறது.