பழைய லாரி எடுத்தால், முதலில் நிற்க வையுங்கள்

பழைய லாரி ஒன்றை எடுத்துச் சரி பண்ணி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நம் சேலம் பக்கம் நிறைய. இருக்காதா பின்னே, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்டியரிங் பிடித்தவர், கிளீனராகப் போனவர், பட்டறை வைத்தவர் என்று யாராவது ஒருவர் இருக்கிற குடும்பங்கள்தான். ஆசையில் தப்பில்லை. எடுத்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலைதான் தப்பு. பேட்டரியைக் கொண்டுவந்து கட்டி, டீசல் ஊற்றி, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று செல்ஃபை அடிப்பது.

நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் வண்டி டாடா 1210 எஸ்.இ., மூக்கு நீட்டிய மாடல், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் ஏழெட்டு வருஷம் நின்றது. என்ஜினைப் பிரித்து லைனர், ரிங், பேரிங் எல்லாம் புதுசு போட்டேன், பெயின்ட் அடித்தேன், பிரேக்குக்கு லைனிங் மட்டும் மாற்றிவிட்டு, பிரேக் ஆயிலை மேலே கொஞ்சம் ஊற்றி மட்டம் பார்த்ததோடு விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் சில்வர் ஓக் கட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து நம்பர் போட்டிருப்பதால் இறங்கும்போது இருபதாவதுதான் முதலில் வரும். பதினொன்றாவது வரும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, ஒன்பதாவதில் தரையைத் தொட்டது. நல்ல வேளை, செகண்ட் கியரில் இருந்தேன். கியரை விடாமல் மலைப்பக்கத்து வடிகாலில் முன்சக்கரத்தை இறக்கினேன், வண்டி தேய்த்துக்கொண்டே போய் நின்றது. கூட வந்த பையன் சக்கரத்துக்குக் கல் வைத்தான். டிரம்மில் இருந்து கருகிய லைனிங் நாற்றம் கேபினுக்குள் வந்துகொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக இருக்கிறது.

அந்த விஷயம்தான் முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிய பழையது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் டிரம் சுட்டு, அந்தச் சூடு பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குப் போனால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் நீங்கள் மிதிப்பது எல்லாம் குமிழியைத்தான் நசுக்கும், டிரம்மில் உரச வேண்டிய ஷூ நகராது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் திரும்பி வந்துவிடும். பட்டறையில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வரிசை இது: முதலில் பேப்பர், அப்புறம் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பிரேக், ஸ்டியரிங், பட்டை (பாரம் தாங்கும் வில் தகடுகள்). என்ஜின் அதற்கு அப்புறம். பெயின்ட் கடைசியோ கடைசி.

பேப்பர் என்றால் ஆர்.சி. புத்தகமும் சேசிஸ் நம்பரும். சேசிஸில் நம்பர் குத்திய இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, மேலே மெல்லிய வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் நம்பர் தாளில் அப்படியே வரும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) எடுப்பார்களே அதே மாதிரி. அதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பாருங்கள். ஒரு எண் இடித்தாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டே என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2021ல் வந்த அந்த விதி இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும்தான், லாரிக்கு இல்லை. ரோட்டில் ஓட்டவேண்டும் என்றால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியே ஆக வேண்டும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வண்டி எடுங்கள்.

எந்த மாடல் என்று கேட்டால், உதிரிபாகம் கிடைக்கிற மாடல் என்பேன். டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கம்பெனி 1954ல் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு, 1969 வரை டாடா மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயரில் வண்டி விட்டது. அதனால் மூக்கில் பென்ஸ் நட்சத்திரச் சின்னம் இருந்தால் விலையைக் கூட்டிச் சொல்வார்கள். நட்சத்திரம் காயலான் கடையில் தனியாகவும் கிடைக்கும், பின்னால் வந்த வண்டியில் ஒட்டியும் வைப்பார்கள். ஆர்.சி.யில் இருக்கிற வருஷத்தைப் பாருங்கள், நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். லேலண்ட் காமெட் ஆசை இருந்தால் தாராளமாக எடுக்கலாம், ஆனால் பாகத்துக்கு அலைய நேரம் இருக்க வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடும் ரிக் ஏற்றியிருந்த பழைய சேசிஸ் சல்லிசாக வரும். கிலோமீட்டர் கம்மியாகக் காட்டும், ஏமாறாதீர்கள். நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் என்ஜின் ஓடியிருக்கும், சேசிஸிலும் ரிக்குக்காகத் துளை போட்டு, வெட்டி, வெல்டு வைத்திருப்பார்கள்.

சேசிஸைப் பார்க்க மிஷின் ஒன்றும் வேண்டாம், ஒரு சுத்தியல் போதும். பாடியை இறக்கிவிட்டு, மண்ணைச் சுரண்டிக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ரிவிட்டாகப் போங்கள். ரிவிட்டின் ஒரு பக்கத் தலையில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் லேசாகத் தட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் கணீரென்று கேட்கும், விரலில் ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் சத்தம் செத்துப்போய் வரும், விரலில் ஒரு சின்ன அதிர்வு தெரியும். தலையைச் சுற்றி செம்மண் கரைத்து ஊற்றிய மாதிரி துருக்கோடு இறங்கியிருந்தால் தட்டிப் பார்க்கவே வேண்டாம், அது ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பட்டை மாட்டுகிற பிராக்கெட், கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேரும் மூலை, இந்த இரண்டு இடத்திலும்தான் முதலில் விரிசல் விடும். தளர்ந்த ரிவிட்டை எடுத்துவிட்டு, துளையை ரீமர் போட்டுச் சீர்செய்து, ஆட்டமில்லாமல் உட்காருகிற ஹை டென்சில் போல்ட் போடலாம். வாங்கிய சைஸ் போல்ட்டைத் துளைக்குள் விட்டு இறுக்குவது வேலையே இல்லை. சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டு வைக்கவே கூடாது. வளைகிறபோது இழுவையும் அமுக்கமும் அதிகமாக அங்கேதான் வரும், வெல்டு வைத்த இடத்தை ஒட்டியே அடுத்த விரிசல் ஓடும்.

சரி, பிரேக்குக்கு வருவோம். உங்கள் வண்டி ஹைட்ராலிக்கா, காற்று உதவியோடு வேலை செய்கிற ஹைட்ராலிக்கா, முழு ஏர் பிரேக்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ராலிக் என்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்குவது), வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் கிட் மாற்றி, சிலிண்டர் உள்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் கிட் போட்டுப் பிரயோஜனம் இல்லை, சிலிண்டரையே மாற்றணும். ரப்பர் ஹோஸ் வெளியில் பளபளவென்று இருக்கும், உள்ளே ஊறி அடைத்திருக்கும், வயசான ஹோஸை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். இரும்பு பைப்பில் கிளிப் போட்ட இடத்தைக் கழற்றிப் பாருங்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதுசு ஊற்றி, காற்று எடுக்கும்போது மாஸ்டரிலிருந்து தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்து வாருங்கள். நம் ஊர் மழைக்கும் மலைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது நல்லது.

ஏர் பிரேக் என்றால் சோதனை இன்னும் சுலபம். டேங்க்கில் காற்று நிறைந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பெடலை மிதித்தபடி கேஜைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் இறங்கி, அப்படியே நிற்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போனால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஜாயிண்ட் ஜாயிண்டாகப் போக வேண்டியதுதான். தினமும் வண்டியை விடும்போது டேங்க் அடியிலிருக்கும் டிரெயினைத் திறந்து தண்ணீரை விடுங்கள். அதில் பால் மாதிரி வெள்ளையாக எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ரிங் போய்விட்டது.

டிரம்மை லேத்தில் கொடுத்தால் ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் மழையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்டியரிங்கில் கிங் பின் (முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி), டை ராட் எண்ட் (இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற தண்டின் முனை), ஸ்டியரிங் பாக்ஸ் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பட்டையில் ஒடிந்த தகடு, பட்டை முனையைப் பிடிக்கிற ஷாக்கிள் பின், புஷ் தேய்மானம், இவைதான் பார்க்க வேண்டியவை. தகடுகளைக் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கும், பின்னாலிருந்து பார்த்தால் வண்டி நண்டு மாதிரி போகும். பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யு போல்ட் புதுசு போட்டால் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கணும், இதை மறந்துதான் பாதிப் பேர் சென்டர் போல்ட்டை அறுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது என்ஜின். டாடாவில் 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்று அர்த்தம், 697 என்றால் 97 மில்லிமீட்டர். பிஸ்டன், ரிங் வாங்கப் போகும்போது பிளாக்கில் இருக்கிற நம்பரைப் பார்த்துவிட்டுப் போங்கள், இத்தனை வருஷத்தில் யார் எந்த என்ஜினை மாற்றி உட்கார வைத்தார்களோ. ரொம்ப நாள் நின்ற என்ஜினைச் செல்ஃபில் சுற்றாதீர்கள். டீசல் தெளிக்கிற நாசிலைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, ஃப்ளைவீலில் கம்பி கொடுத்துக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். இரண்டு சுற்று தடையில்லாமல் வந்தபிறகு செல்ஃபைத் தொடலாம்.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. டீசல் பம்ப்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக் பிசின் பிடித்துத் திறந்தபடி ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன என்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. அதனால் ஏர் கிளீனரைக் கழற்றி வைத்து, அந்தக் குழாய் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் மூடப் பார்க்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். இதெல்லாம் வேண்டாம் என்றால் பம்ப்பை முதலிலேயே கழற்றிப் பம்ப் கடையில் பெஞ்ச்சில் ஏற்றிக் காட்டிவிடுங்கள், என் ஓட்டு இதற்குத்தான். அங்கே போகும்போது "கொஞ்சம் டீசல் கூட வையுங்க அண்ணா, இழுவை வரட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கரும்புகைதான் வரும், எஃப்.சி.யில் மாட்டுவீர்கள். இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வருகிற டீசலில் கந்தகம் ரொம்பக் குறைவு. பழைய டீசலில் ஊறிய ரப்பர் சீல்கள் இதில் சுருங்கிக் கசியும். பம்ப்பைப் பிரித்த கையோடு சீல் எல்லாம் புதுசு போட்டுவிடுங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சேலத்துத் தண்ணீரை இரண்டு மாசம் கொதிக்கவைத்த இட்லிப் பானையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வயரிங்கைப் பழசோடு ஒட்டுப் போடாமல் முழுவதும் புதுசாக இழுத்துவிடுங்கள், இரண்டு நாள் வேலைதான். பாடி மரவேலைக்கு நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பலகைக்கு அடியில், சேசிஸோடு சேருகிற இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்காமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். பெயின்டைப் பற்றி நான் என்ன சொல்ல, ஸ்டிக்கர் ஒட்டாமல் கையால் எழுதுகிற ஆர்டிஸ்ட் கிடைத்தால் கூடக் காசு கொடுத்தாவது எழுத வையுங்கள்.

டயரை ரிம்மில் பிடித்து வைக்கிற லாக் ரிங் விஷயத்தில் யாரும் வீரம் காட்ட வேண்டாம். 9.00-20 டயரில் காற்று ஏறும்போது துருப்பிடித்த ரிங் தெறித்தால் ஆள் தப்பமாட்டார். ரிங் காடியில் துருவைச் சுரண்டி, ரிங் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, கூண்டுக்குள் வைத்தோ, இல்லையென்றால் ரிங் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துச் சங்கிலி சுற்றியோ, நீளமான ஹோஸில் தள்ளி நின்று காற்றடிக்க வேண்டும். காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்கிற பழக்கம் இன்னும் சில பஞ்சர் கடைகளில் இருக்கிறது. அப்படித் தட்டுகிறவரைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வேலை முடிந்த வண்டியை வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் உறும விட்டு நிறுத்துகிறார்களே, அது கெடுதல். என்ஜின் சூடேறாமல் நிறுத்தினால் உள்ளே வேர்த்து எண்ணெயில் தண்ணீர்தான் சேரும். மாசம் ஒரு முறை போதும், ஆனால் முப்பது கிலோமீட்டராவது ஓடணும். கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி வைத்து அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் கிங் பின்னின் ஒரு பக்கம் மட்டும்தான் கிரீஸ் போகும், தேய்கிற பக்கம் காய்ந்தே இருக்கும். தார்ப்பாயை வண்டி மேலேயே போர்த்தாதீர்கள், அடியில் ஈரம் கட்டும், கூரை இருந்தால் போதும். ஏர் கிளீனர் வாயிலும் சைலன்சர் வாயிலும் துணி அடைத்து வைத்தால் எலி கூடு கட்டாது. அடைத்த துணியின் நுனியை நீளமாக விட்டு ஸ்டியரிங்கில் கட்டி வையுங்கள், அடுத்த தடவை எடுக்க மறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி, ஏன் மூச்சுத் திணறுகிறது என்று நாசிலைக் கழற்றிக்கொண்டு உட்கார வேண்டாம், நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன்.