எல்லயில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு: மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பதுளையிலோ பண்டாரவளையிலோ வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். கூட வேலை செய்பவர் யாராவது "வெள்ளிக்கிழமை எல்லைக்குப் போவமா?" என்பார். எந்த நாட்டு எல்லை என்று முழிக்க வேண்டாம். எல்ல என்பது ஊரின் பெயர், சிங்களத்தில் அருவி என்று பொருள். சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து இந்தப் பக்கத்தில் குடியேறியவர்களுக்கு, ஊர் அடங்கிய பிறகும் விளக்கு எரிகிற தெரு என்றால் அநேகமாக அது ஒன்றுதான்.

நுவரெலியாவிலும் பார் உண்டு, ஆனால் அது வேறு உலகம். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்கிற வழக்கம். எல்லயில் ரப்பர் செருப்போடு போகலாம். சில கடைகளில் அதையும் வாசலில் கழற்றிவிட்டு, தரையில் போட்ட மெத்தையில் சம்மணம் போட வேண்டியிருக்கும். தலைக்கு மேல் மூங்கில் கூடை விளக்கு, பழைய போத்தலின் வாயில் மெழுகுவர்த்தி, ஜாம் போத்தலில் கொக்டெயில், கிற்றாரோடு ஒரு பையன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகில் பை மாட்டி உலகம் சுற்றுகிறவர்கள்.

முதலில் நாட்காட்டி

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். இலங்கையில் ஒவ்வொரு போயா நாளும், அதாவது பௌர்ணமி விடுமுறையன்று, மது விற்பனைக்குத் தடை. பாருக்கும் தடை, வைன் ஸ்டோர்ஸ் என்கிற மதுக்கடைக்கும் தடை. வெசாக் என்றால் இரண்டு நாள். சித்திரைப் புத்தாண்டிலும் கடை பூட்டு. தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து "பௌர்ணமி நாளைக்குத்தானே" என்று கிளம்பாதீர்கள். பஞ்சாங்கத்துப் பௌர்ணமியும் அரசாங்கப் போயாவும் சில மாதங்களில் ஒரு நாள் தள்ளி விழும். இலங்கையில் அச்சிட்ட நாட்காட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், போயா அதில் தனியாகக் குறித்திருக்கும்.

போயா அன்றும் மெனுவைக் கொடுத்து, பியரைத் தேத்தண்ணிக் கேத்தலில் ஊற்றிக் கோப்பையோடு கொண்டுவரும் கடை உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் சோதனைக்கு ஆள் வந்தால் சாட்சி சொல்ல நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள். சாதாரண நாளிலேயே கேத்தலில் வருகிறது என்றால் அந்தக் கடைக்கு லைசன்ஸ் இல்லை என்று அர்த்தம்.

மது வாங்க வயது 21. புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இளமையாகத் தெரிகிறவர்கள் பாஸ்போர்ட் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அசல் பாஸ்போர்ட்டை பாருக்கு எடுத்துப் போகாதீர்கள். அதே சட்டத்தின்படி மூடிய பொது இடத்தில் புகைக்கவும் முடியாது.

பெண்களுக்கு

1979இல் பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் விதி ஒன்று வந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். நடைமுறையில் சுற்றுலா ஊர்களின் பார்களிலும் ஹோட்டல்களிலும் பெண்களுக்குப் பரிமாறுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. வைன் ஸ்டோர்ஸ் கம்பிக்கு முன்னால் நின்று போத்தல் கேட்டால் சிலர் மறுப்பார்கள். அங்கே வாதாடிப் பயனில்லை.

வீடு திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்ல சுமார் 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 12 கிலோமீற்றர் அளவு, பதுளை 20 அளவு. தூரம் பெரிதில்லை. வளைவும் பனிமூட்டமும்தான் பெரிது. மாலையில் பஸ்ஸில் வந்து இறங்கலாம், இரவு பத்து மணிக்கு அதே பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க முடியாது. ரயிலையும் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும், பாதை நாள்கணக்கில் மூடிவிடும்.

வழி இரண்டுதான். ஒன்று, அங்கேயே ஒரு அறை எடுங்கள். இரண்டு, பகலில் வரும்போதே ஓட்டோக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று பேசி முடியுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் தெருவில் நின்று பேரம் பேசினால் விலை ஏறித்தான் இருக்கும், உங்கள் நாக்கு குழறுவது அவருக்கும் கேட்கும். வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலி கொழும்பில் போல இங்கே கைகொடுக்காது. சொந்த வண்டியில் வந்தால் ஓட்டுகிறவர் ஒரு மிடறும் குடிக்கக் கூடாது. பொலிஸ் ஊதச் சொல்வது ஒரு பக்கம், வெல்லவாய வீதியின் ஒரு பக்கம் பள்ளம் என்பது இன்னொரு பக்கம்.

ரயில் தண்டவாளத்தில் நடந்து அறைக்குப் போகும் பழக்கம் எல்லயில் பலருக்கு உண்டு. பகலில் எப்படியோ, இரவில் வேண்டாம். ஸ்லீப்பர் கட்டை ஈரத்தில் வழுக்கும், ஓரப் புல்லில் அட்டை, ரயில் வரும் நேரக் கணக்கு குடித்த தலையில் நிற்காது. ஒரு சின்ன டோர்ச்சும், கழுத்து வரை ஜிப் போட்ட ஜெர்சியும் எடுத்துப் போங்கள். பகல் வெயிலை நம்பி ரீசேட்டோடு வருகிறவர்கள் எட்டு மணிக்கு மேசைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மெனுவில் உள்ள விலை, கையில் வரும் பில்

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் பிறகு ஏறும். 2,000 ரூபா என்று எழுதிய கொக்டெயிலுக்கு 2,600ஐ ஒட்டிக் கொடுக்க வேண்டிவரும். நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கோப்பை என்றால் நீங்கள் மனதில் போட்ட கணக்குக்கும் பில்லுக்கும் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபா இடைவெளி. மாலையில் ஹெப்பி அவர் உள்ள கடைகள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டுமா, இரண்டையும் சேர்த்தே கொண்டுவருவார்களா என்று கேளுங்கள். சேர்த்து வந்தால் இரண்டாவது கோப்பையில் ஐஸ் கரைந்து வெறும் தண்ணி. கார்டுக்கு மேலதிகமாக எடுப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். மின்சாரம் போனால் கார்ட் இயந்திரமும் போகும், கொஞ்சம் காசு கையில் இருக்கட்டும்.

என்ன குடிப்பது

மொஹிட்டோவும் மார்கரிட்டாவும் எங்கும் கிடைக்கும். இறக்குமதி மதுவுக்கு வரி அதிகம் என்பதால் இங்கே அவை விலை கூடி, அளவு குறைந்து வரும். உள்ளூர்ச் சாராயத்தில் செய்ததைக் கேளுங்கள். இலங்கையில் சாராயம் என்றால் தென்னங்கள்ளை வடித்தது. தமிழ்நாட்டுக் காதுக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும், ஆனால் நல்ல சாராயம் பெரிய மரப்பீப்பாய்களில் வைத்துப் பக்குவப்படுத்திய, ரம்முக்கும் விஸ்கிக்கும் இடைப்பட்ட சரக்கு. போத்தலின் முகப்பில் தென்னை மட்டும்தானா, வேறு மதுசாரம் கலந்ததா என்று பாருங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் கலப்பு. லேபல் இல்லாமல் வருவது கசிப்பு. அதைத் தொடவே வேண்டாம், கண்ணும் உயிரும் போன கதைகள் நிறைய.

அளவு: ஒரு ஷொட் 25 மில்லிலீற்றர், டபுள் 50. போத்தலாக வாங்கினால் கால் போத்தல் 180, அரை 375, முழு 750. தமிழ்நாட்டில் கால் போத்தலில் பாதியைச் சொல்லும் "கட்டிங்" என்ற சொல் இங்கே யாருக்கும் புரியாது.

பார்மேன் கைத்திறன் தெரிய வேண்டுமானால் சாராய சவர் கேளுங்கள். சாராயம் 50 மில்லி, அப்போது பிழிந்த தேசிக்காய் (எலுமிச்சை) சாறு 25, கித்துல் பனையின் பாணி 15. பாணியை நேராக ஊற்றினால் ஐஸ் பட்டதும் இறுகிக் கோப்பையின் அடியில் கருப்பாக உட்கார்ந்துவிடும். மேலே புளிப்பு, கடைசி மிடறு வெறும் இனிப்பு. தெரிந்தவர் பாணியில் பாதி அளவு சுடுதண்ணி விட்டு இளக்கி வைத்திருப்பார். முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதானால் முதலில் ஐஸ் இல்லாமல் ஒரு குலுக்கு, பிறகு ஐஸ் போட்டுப் பன்னிரண்டு விநாடி. அப்போதுதான் நுரை நிற்கும். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், வெண்ணுரையைப் பார்த்துப் பாலோ என்று நினைக்க இடமுண்டு. கசந்தால் குற்றம் சாராயத்தில் இராது: தேசிக்காயைக் காலையிலேயே பிழிந்து குப்பியில் அடைத்திருப்பார்கள்.

அவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம் என்றால் சாராயம் 50, ஜிஞ்சர் பியர் 150, தேசிக்காய் ஒரு துண்டு. பிழை போக வழியில்லாத கலவை, ஜிஞ்சர் பியரில் வாயு போயிருந்தால் ஒழிய. உங்கள் கண்முன்னே மூடி திறக்கச் சொல்லுங்கள். கொடித்தோடை (பேஷன் ஃப்ரூட்) போட்டதும் நன்றாக இருக்கும், விதை மட்டும் மூங்கில் குழாயை அடைக்கும். குழாயை எடுத்து வைத்துவிட்டுக் குடியுங்கள். ரம்பை இலை, கறிவேப்பிலை, கொறுக்காய்ப்புளி (குடம்புளி) என்று பட்டியல் நீண்டால் ஒன்றை மட்டும் தெரிவு செய்த கோப்பையே பெரும்பாலும் தேறும். எல்லாவற்றையும் போட்டால் ரசம்.

தேயிலை ஊறிய சாராயமும் மலையகத்துக்குப் பொருத்தமானது. வீட்டில் செய்ய விரும்பினால் 250 மில்லி சாராயத்தில் இரண்டு தேக்கரண்டி இலைத் தேயிலை போட்டு, இருபதாவது நிமிடத்தில் சுவைத்துப் பார்த்து வடித்துவிடுங்கள். இரவு முழுக்க ஊற வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் துவர்ப்பு இறங்கிவிடும். தூள் தேயிலை வேண்டாம், அது ஐந்து நிமிடத்திலேயே கெட்டுவிடும். முந்தின நாளே போத்தல் வாங்கி வைத்திருந்தால் போயா இரவுக்கும் ஆகும்.

ஐஸைக் கவனியுங்கள். நடுவில் துளையுள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் செய்தது. பாளமாக வாங்கி உடைத்த ஐஸ் மீன் கடைக்கும் போகிற சாமான்.

பியர் பிரியர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். நுவரெலியாவில் 1881இல் வேர் விட்ட லயன் இப்போது பியகமவில் காய்ச்சப்படுகிறது. சாதாரண லாகர் 4.8 வீதம், ஸ்ட்ரோங் 8.8. 625 மில்லி ஸ்ட்ரோங் ஒரு போத்தலில் சுமார் 43 கிராம் மதுசாரம் இருக்கிறது. 33.5 வீதச் சாராயம் ஒரு டபுளில் 13. அதாவது "நான் ஒரு பியர் மட்டும்தான்" என்கிறவர் பக்கத்தில் மூன்று டபுள் அடித்தவரை முந்திவிட்டார்.

வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள். டெவல் செய்த கோழி, ஹொட் பட்டர் கட்டில்ஃபிஷ், வறுத்த கடலை: இவையே இங்கே "பைட்". கொத்து வேண்டுமானால் முதலிலேயே சொல்லி வைக்கவும், பத்து மணி ஆனதும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கஞ்சா வேண்டுமா என்று யாராவது காதருகில் கேட்டால் வேண்டாம் என்று நடையைக் கட்டுங்கள். சட்டம் கடுமை, விசாவில் இருப்பவருக்கு இன்னும் கடுமை.

பரிமாறுகிறவர்

உங்கள் மேசைக்கு வருகிற பையன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) வந்தவனாக இருக்கலாம். தமிழில் பேசினால் முகம் மலரும். உங்களைவிட இளையவர் என்றால் "தம்பி", மூத்தவர் என்றால் "அண்ணே". விரல் சொடுக்குவது, "டேய்" என்பது இரண்டும் வேண்டாம். சிங்களத்தில் "ஐயா" என்றால் அண்ணன், "மல்லி" என்றால் தம்பி. யாராவது உங்களை ஐயா என்றால் பெரிய மனிதராக்கிவிட்டார் என்று நிமிர வேண்டாம், அண்ணன் என்கிறார். சேவைக் கட்டணம் பில்லில் இருந்தாலும் நூறோ இருநூறோ கையில் வைக்கலாம். பாதிப் போத்தலை மிச்சம் வைத்து "நீ எடுத்துக்கொள்" என்று நீட்டாதீர்கள். தோட்டங்களில் சம்பள நாளன்று தவறணை (மதுக்கடை) எத்தனை வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது என்று அந்தப் பையனின் அம்மாவுக்குத் தெரியும். திரும்பும் வழியில் லயத்து வாசலில் சத்தம் போட்டுப் பாடுவதும் அதே காரணத்துக்காகக் கூடாது. நாலரை, ஐந்துக்கே எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அங்கே தூங்குகிறார்கள்.

அறை எடுத்துத் தங்கினால் மறுநாள் காலை விடுதியின் பான்கேக்குக்குக் காத்திருக்காமல் பஸ் நிற்கும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு இறங்குங்கள். இஞ்சி போட்ட பிளேன்டீ, சர்க்கரைக்குப் பதில் கடிக்க ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி, கட்டைச் சம்பலோடு ரொட்டி இரண்டு. பண்டாரவளை பஸ் வந்து நிற்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம்.