கரைதல் வெப்பக் கணக்கில் கை நழுவும் இடங்கள்

தெர்மாகோல் கோப்பையில் 100 கிராம் தண்ணீர், 25.0 டிகிரி செல்சியஸ். 5 கிராம் அம்மோனியம் குளோரைடைப் போட்டுக் கலக்கினால் 21.9-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த உப்பு ஒரு மோல் கரையும்போது எவ்வளவு வெப்பம் கைமாறுகிறது என்பதுதான் கேள்வி. வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்தான். சறுக்குவது அதில் எதைப் போடுவது என்பதில்.

முதல் சறுக்கல் நிறையில். கேள்வி உப்பைப் பற்றியது என்பதால் 5 கிராமைப் போட்டுவிடுகிறார்கள். 65 ஜூல்தான் வரும். ஆனால் குளிர்ந்தது உப்பு மட்டுமா? கோப்பையில் உள்ள கரைசல் முழுவதும், 105 கிராம். 105 × 4.18 × 3.1 = 1361 ஜூல். உப்பின் நிறைக்கு வேலை அடுத்த படியில்: அதை மோலார் நிறையால் வகுக்க, 5 ÷ 53.5 = 0.0935 மோல். 1361-ஐ இதால் வகுத்தால் மோலுக்கு 14.6 கிலோஜூல். (கரைசலின் தன்வெப்பம் தண்ணீருடையதைவிடச் சற்றுக் குறைவு. 4.18 என்பது ஒரு வசதிக்காகத்தான்.)

அடுத்தது குறி. வெப்பநிலை குறைந்தது, ஆகவே மைனஸ் என்று எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். வெப்பமானி சொல்வது தண்ணீரின் கதையை. தண்ணீர் இழந்ததைக் கரைதல் எடுத்துக்கொண்டது; எனவே +14.6. சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது தண்ணீர் சூடாகும், அங்கேதான் மைனஸ்.

3.1-உடன் 273-ஐக் கூட்டுவதும் உண்டு. வித்தியாசத்துக்கு கெல்வினும் செல்சியஸும் ஒன்றே, கூட்டாதீர்கள்.

பாட்டிலின் லேபிளையும் பாருங்கள். நீரற்ற காப்பர் சல்பேட் கரைந்தால் வெப்பம் வெளிவரும். ஐந்து நீர் மூலக்கூறுகளோடு இருக்கும் நீலப் படிகமோ வெப்பத்தை உறிஞ்சும். மோலார் நிறையும் 159.6, 249.7 என்று வேறு வேறு. ஒன்றின் நிறையை மற்றதற்குப் போட்டால் விடை எங்கோ போய்விடும்.

செய்முறையில், உப்பு முழுக்கக் கரையும் முன்பே அளவைக் குறித்துவிடுவதுதான் பெரிய அவசரம். வெப்பநிலை இறங்கி, ஓரிடத்தில் நின்று, அறையின் வெப்பத்தால் மெல்ல ஏறத் தொடங்கும். அந்த அடிமட்டப் புள்ளிதான் வேண்டும்.

கால்குலேட்டர் காட்டுகிறதே என்று 14.558 என எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வெப்பமானியை 0.1 டிகிரி தவறாகப் படித்தாலே விடை கிட்டத்தட்ட 0.5 கிலோஜூல் நகர்ந்துவிடும்.