அழித்தது எஸ்எஸ்டிக்குத் தெரியணும்: லினக்ஸ் ரெய்டில் டிரிம்

வேலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களில் ஒரு முகூர்த்த சீசன் முடிந்தால் டெராபைட் கணக்கில் ஃபுட்டேஜ் அழிப்பார்கள். அழித்தது ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும்; எஸ்எஸ்டிக்குத் தெரியாது. செத்த டேட்டாவையும் அது உள்ளுக்குள் சுமந்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், எழுதும் வேகம் படுத்துவிடும். அந்தச் செய்தியைச் சொல்வதுதான் டிரிம்.

முதலில் 'எல்எஸ்பிஎல்கே -டி' அடியுங்கள் (கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம், டெர்மினலில் ஆங்கில எழுத்தில்; இங்கே 'டி' பெரிய எழுத்து D). எம்டி (பல டிஸ்கை ஒன்றாக்கும் லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு) என்ற வரியில் டிஸ்க்-மேக்ஸ் 0 என்றிருந்தால் வழி அடைபட்டிருக்கிறது. ரெய்டு 0, 1, 10 என்றால் கெர்னல் 3.7 முதல் டிரிமைத் தானாகவே கடத்தும். லக்ஸ் என்கிரிப்ஷன் இருந்தால் கிரிப்ட்டேப் ஃபைலில் (என்கிரிப்ட் ஆன டிஸ்க்குகளின் பட்டியல்) 'டிஸ்கார்டு' சேர்க்கணும். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் அடுக்கு) தடுக்காது.

சிக்கல் ரெய்டு 5, 6-இல். டிரிம் ஆன இடத்தைப் படித்தால் எல்லா டிரைவும் பூஜ்ஜியமே தரணும். அப்போதுதான் பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க வைக்கும் கூடுதல் தகவல்) கணக்கு ஒத்துப்போகும். ஒரு டிரைவ் பழைய குப்பையைத் தந்தால் பாரிட்டி பொய்யாகிவிடும். பிறகு அதே ஸ்ட்ரைப்பில் (எல்லா டிஸ்கிலும் குறுக்கே பரவிய ஒரு பட்டை) கொஞ்சம் எழுதினால் அந்தப் பொய்யின் மேலேயே திருத்தம் ஏறும். ஒரு டிஸ்க் போய் ரீபில்டு செய்யும் நாளில்தான் கெட்டது தெரியும். அதனால்தான் கெர்னல் இதை மூடியே வைத்திருக்கிறது.

சாட்டா டிரைவ் என்றால் 'எச்டிபார்ம் -ஐ' (பெரிய எழுத்து I) விவரத்தில் 'டிடெர்மினிஸ்டிக் ரீட் ஜீரோஸ் ஆஃப்டர் டிரிம்' என்ற வரி எல்லா டிரைவிலும் இருக்கணும். ஒன்றில் இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள். இருந்தால் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ரெய்டு456 என்ற கெர்னல் மாட்யூலுக்கு 'டிவைசஸ்_ஹேண்டில்_டிஸ்கார்டு_சேஃப்லி=ஒய்' என்ற ஆப்ஷன் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தொகுப்பு) புதுப்பித்து ரீபூட். முழு ஸ்ட்ரைப்பாக இருந்தால்தான் டிரிம் போகும்: ரெய்டு 5-இல் 3 டிஸ்க், 512 கேபி சங்க் (ஒரு டிஸ்கில் விழும் துண்டு) என்றால், ஒன்று பாரிட்டிக்குப் போக 1 எம்பி. அதற்குக் குறைந்த காலி இடம் அப்படியே கிடக்கும்.

ஃபைல் அழிக்கும்போதே டிரிம் ஆக மவுண்டில் 'டிஸ்கார்டு' போடுவதைவிட, காலி இடத்தை வாரம் ஒருமுறை மொத்தமாக டிரிம் செய்யும் எஃப்எஸ்டிரிம் டைமரே போதும். ஆனால் டிரிம் ஆனது ரெக்கவரி சாஃப்ட்வேருக்கும் கிடைக்காது. தாலி கட்டும் காட்சியைத் தவறி அழித்துவிட்டால் முதல் வேலையாக அந்த டைமரை நிறுத்துங்கள்.

புது டிஸ்க் மாற்றி ரீபில்டு ஆனதும் அது முழுக்க எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை டிரிம் ஓட்டுங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் ஏற்கெனவே டிரிம் ஆன பகுதியை நினைவில் வைத்துத் தாண்டிவிடும், '0 பைட்ஸ்' என்று காட்டும். அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் முழுதாக ஓடும்.